யூ-பூட் ஓட விட்டுட்டுப் போற டிஎம்ஏவை டிரைவர்ல எப்படிங்க நிறுத்தறது?

நொய்யல்_பிட் (திருப்பூர்)

வணக்கமுங்க. விசயத்தை முழுசா சொல்லிப்போடறேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

நாங்க சர்க்குலர் நிட்டிங் மிஷினுக்கு கண்ட்ரோலர் போர்டு பண்றோமுங்க. ஆர்ம் ப்ராசசரும் எஃப்பிஜிஏவும் (நாமளே சர்க்யூட் அமைச்சுக்கற பகுதி) ஒரே சிப்புக்குள்ள இருக்கற வகை. நூல் அறுந்தா சொல்ற சென்சார், ஊசி ஒடஞ்சா சொல்ற சென்சார் எல்லாத்தோட பல்ஸும் எஃப்பிஜிஏக்குள்ள ஒரு பிளாக்குக்கு வருது, அது ஒவ்வொண்ணுக்கும் நேரம் குறிச்சு டிஎம்ஏ வழியா (சிபியு இடையில வராம நேரா மெமரில எழுதற முறை) ராம்ல ஒரு ரிங் பஃபர்ல (சுத்திச் சுத்தி எழுதற இடம்) எழுதிட்டே இருக்கும், ரிங் பாதி ரொம்புனா இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடற சிக்னல்) அடிக்கும். அந்த பிளாக்குக்கு லினக்ஸ் டிரைவர் எழுதறதுதான் என்ற வேலை. கெர்னல் 6.6.

யூ-பூட் (கெர்னலுக்கு முன்னாடி ஓடி அதை எழுப்பி விடற பூட்லோடர்) பக்கம் பாக்கறவங்க பவர் போட்ட உடனே சென்சாரை எல்லாம் ஒருக்கா டெஸ்ட் பண்ணி முன்னாடி எல்ஈடில காட்டற மாதிரி வெச்சிருக்காங்க, ஃபிட்டருக்கு அது ரொம்ப உதவியாத்தான் இருக்குது. ஆனா டெஸ்ட் முடிஞ்ச பொறவு பிளாக்கை நிறுத்தறதில்லீங்க, டிஎம்ஏ எனேபிள் ஆனபடியே, இன்டரப்ட் எனேபிள் ஆனபடியே கெர்னலுக்குத் தாவிடுது.

இப்ப நடக்கறது என்னன்னா, என்ற ப்ரோப்ல (டிவைஸைக் கண்டதும் கெர்னல் கூப்பிடற டிரைவர் ஃபங்ஷன்) ரெஜிஸ்டரை மேப் பண்ணி, ரெக்வெஸ்ட்-ஐஆர்க்யூ (இன்டரப்ட் ஹேண்ட்லரைப் பதிவு பண்றது) போட்டு, அதுக்கப்புறந்தான் ரிங்குக்கு மெமரி வாங்கறேன். ரெக்வெஸ்ட் போட்ட அந்த நொடியே ஹேண்ட்லர் உள்ள வந்துருது, ரிங் பாயிண்டர் நல், அங்கயே ஊப்ஸ் (கெர்னல் எர்ரர்). இது ஒரு பக்கம். இன்னொண்ணு இதைவிட மோசமுங்க, சில போர்டுல ஊப்ஸ் வராமயே பூட் ஆயிருது, ஆனா கொஞ்ச நேரத்துல சம்பந்தமே இல்லாத இடத்துல விழுகுது, ஒருக்கா ஃபைல்சிஸ்டம் எர்ரர், ஒருக்கா ஸ்லாப் (கெர்னல் மெமரி பங்கு போடற எடம்) கரப்ஷன்னு வேற வேற எடம். சென்சார் கேபிளைப் புடுங்கி வெச்சுட்டா ரெண்டுமே வரமாட்டேங்குது. மிஷினைக் கையில சுத்திக்கிட்டே பூட் பண்ணுனா நிச்சயம் வருது.

ஆபீஸ்ல யூ-பூட்டைத் திருத்துங்கறாங்க. ஆனா போர்டு எல்லாம் அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர்னு பனியன் கம்பெனிகள்ல ஏற்கெனவே ஓடிட்டு இருக்குது. கெர்னலுக்கு ரெண்டு பார்ட்டிஷன் வெச்சிருக்கோம், ஒண்ணு கெட்டா இன்னொண்ணு எழும்பும். யூ-பூட்டுக்கு அப்படி இல்லீங்க, எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துப்போகும், அதனால டிரைவர்லயே தீர்க்கணும்னு பாக்கறேன். பிளாக்ல ஒரு சாஃப்ட் ரீசெட் பிட் இருக்குது. வெளியில இருந்து வர்ற ரீசெட் லைனும் இருக்குது, ஆனா அது பக்கத்துல இருக்கற என்கோடர் பிளாக்குக்கும் சேர்த்து ஒரே லைன். ப்ரோப்ல முதல் வேலையா சாஃப்ட் ரீசெட்டை அடிச்சுட்டா போதுங்களா? இல்ல ரீசெட் ஃப்ரேம்வொர்க் வழியாத்தான் போகணுங்களா?

---

பீளமேட்டு_பின்மக்ஸ் (கோவை)

தம்பி, முதல்ல ஊப்ஸை முடிச்சுருவோம், அது சுலபம். உங்க ப்ரோப்ல வரிசை மாறணும்.

ரெக்வெஸ்ட்-ஐஆர்க்யூங்கறது "பின்னாடி எப்பவாவது இன்டரப்ட் வந்தா கூப்பிடு"ன்னு சொல்லி வைக்கறது இல்லீங்க, அந்த ஃபங்ஷன் திரும்பி வர்றதுக்குள்ளயே லைன் தெறந்துரும். லைன் ஏற்கெனவே மேல நின்னுட்டு இருந்தா ஹேண்ட்லர் அப்பவே ஓடும். அதனால அந்த வரிக்கு முன்னாடியே ஹேண்ட்லர் தொடற சாமான் அத்தனையும், ரிங், லாக், வெயிட்-க்யூ எல்லாம், தயாரா இருக்கணும், ஹார்டுவேரும் கம்முனு இருக்கணும்.

பவர், கிளாக் முதல்ல. கிளாக் ஆன் பண்ணாம ரெஜிஸ்டரைத் தொட்டா சில எஸ்ஓசில பஸ்ஸே தொங்கிப்போகும், சிலதுல எக்ஸ்டர்னல் அபார்ட் வரும். அப்புறம் ரீசெட் லைன் டீஅசர்ட்ல (ரீசெட்டை விட்ட நிலைல) இருக்குதான்னு உறுதி பண்ணிக்குங்க. அதுக்கப்புறம் டிஎம்ஏ எனேபிள் பிட்டை எடுங்க, எடுத்துட்டு உடனே அடுத்த வேலைக்குப் போகாம, பிஸி பிட் கீழ எறங்கற வரைக்கும் ரீட்எல்-போல்-டைம்அவுட் போட்டு நில்லுங்க. பொறவு இன்டரப்ட் மாஸ்க் (வராமத் தடுத்து வெக்கறது), நின்னுட்டு இருக்கற ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் கிளியர், கிளியர் பண்ணுனதை ஒருக்கா திருப்பிப் படிங்க, ஏன்னா எழுதுனது வழியில நின்னுட்டு இருக்கலாம், படிச்சாத்தான் அது அங்க போய்ச் சேந்துச்சுன்னு தெரியும். இத்தனையும் ஆன பொறவு சாஃப்ட் ரீசெட். ரீசெட்டுக்கப்புறம் மாஸ்க் ரெஜிஸ்டர் எந்த மதிப்புல வருதுன்னு மேனுவல்ல பாருங்க, ரீசெட் ஆனா எல்லா இன்டரப்ட்டும் எனேபிள் ஆயிக்கற ஐபி பிளாக்கும் (சிப்புக்குள்ள வெக்கற ரெடிமேட் சர்க்யூட்) இருக்குது, அப்படின்னா மறுபடி மாஸ்க் பண்ணணும். ரிங் மெமரி வாங்கி, விலாசம் எழுதி, அப்புறந்தான் ரெக்வெஸ்ட்-ஐஆர்க்யூ, கடைசியா அன்மாஸ்க், டிஎம்ஏ ஸ்டார்ட்.

முதல் வேலையா சாஃப்ட் ரீசெட்டை அடிச்சுரலாமான்னு கேட்டீங்களே, அது வேண்டாமுங்க. டிஎம்ஏ பாதி எழுத்துல இருக்கறப்ப மாஸ்டரை ரீசெட் பண்ணுனா, ஏஎக்ஸ்ஐ பஸ்ல (சிப்புக்குள்ள பிளாக்குகளை இணைக்கற பாதை) ஆரம்பிச்ச டிரான்சாக்ஷன் முடியாமயே நிக்கும், இன்டர்கனெக்ட் அதுக்காகக் காத்துட்டே இருக்கும், சிப் முச்சூடும் தொங்கிப்போறதும் உண்டு. அது வந்துச்சுன்னா கன்சோல்ல ஒரு வரி கூட வராது, தேடறது வெகு கஷ்டம். நிறுத்து, ஓஞ்சுதான்னு பாரு, பொறவு ரீசெட், இந்த வரிசைதான்.

இன்னொரு விசயம். கெர்னல் கான்ஃபிக்ல டீபக்-ஷேர்ஐஆர்க்யூ போட்டுக்குங்க. உங்க லைன் ஷேர்டா இருந்தா, ஹேண்ட்லரைக் கழட்டறப்ப கெர்னலே ஒரு பொய் இன்டரப்டை அடிச்சுப் பாக்கும், கழட்டற வரிசை தப்பா இருந்தா மேசை மேலயே விழுந்துரும், பனியன் கம்பெனில போய் விழ வேண்டியதில்ல.

"நோபடி கேர்ட்"னு ஒரு மெசேஜ் வந்துச்சுங்களா உங்களுக்கு? ஒரு லைன்ல 1,00,000 இன்டரப்ட் வந்து அதுல 99,900க்கு மேல யாரும் நம்முளதுன்னு சொல்லலைன்னா கெர்னல் அந்த லைனையே மூடிரும். லைனைப் பகுந்துக்கற இன்னொரு டிரைவர் மொதல்ல லோடு ஆச்சுன்னா, உங்க பிளாக் அடிக்கற சத்தத்துக்கு அந்தப் பாவப்பட்ட டிரைவர்தான் மாட்டும். அப்படி இருந்தா உங்க டிரைவரை எவ்வளவு ஒழுங்கா எழுதுனாலும் பத்தாது.

---

பவானி_பஃபர் (ஈரோடு)

பீளமேட்டு அண்ணா சொன்னது ஊப்ஸுக்கு முழுசாச் சரி. ஆனா நொய்யல் தம்பியோட ரெண்டாவது சிக்கலை டிரைவர் தீர்க்கவே முடியாதுங்க, அதைத் தெளிவாச் சொல்லணும்னுதான் எழுதறேன், ஏன்னா ஊப்ஸ் நின்னுச்சுன்னா எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைச்சு போர்டை அனுப்பிச்சு விட்டுருவாங்க.

யூ-பூட் அந்த ரிங்கை அதோட மல்லாக் ஏரியால எங்கயோ வாங்கியிருக்கும், பொதுவா ராமோட மேல் கோடில. கெர்னல் எழும்புன உடனே அதைப் பொறுத்தவரைக்கும் அது வெறும் காலிப் பேஜ். அதை எடுத்து டென்ட்ரிக்குக் (ஃபைல் பேர் கேஷ்) குடுக்கும், பேஜ் கேஷுக்குக் குடுக்கும், ஸ்லாபுக்குக் குடுக்கும். எஃப்பிஜிஏக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு பல்ஸ் வர வர அங்க எழுதிட்டே இருக்கும். உங்க டிரைவரோட ப்ரோப் ஓடறது எப்ப? மாட்யூலா இருந்தா ரூட் ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆன பொறவு, பில்ட்-இன்னா இருந்தாலும் மெமரி எல்லாம் பங்கு போட்டு முடிஞ்ச பொறவு. அதுக்குள்ள எழுதுனது எழுதுனதுதான். முன்னாடி குத்தகைக்கு ஓட்டுனவங்க மோட்டாரை நிறுத்தாமப் போயிட்டா, நாம காட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாத்தி எல்லாம் அடிச்சுட்டுப் போயிருக்குமே, அப்படித்தான் இது. கேபிளைப் புடுங்குனா வரலைன்னு சொன்னீங்களே, பல்ஸ் இல்லைன்னா எழுத்து இல்ல, அதான் காரணம்.

இது உங்க போர்டுல மட்டும் நடக்கற சங்கதி இல்லீங்க. 2011, 2012ல வந்த மேக் மாடல்கள்ல இஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஒவ்வொரு பூட்லயும் பிராட்காம் 4331 வைஃபை கார்டை எழுப்பி விட்டுட்டு, எக்ஸிட்-பூட்-சர்வீசஸ் (ஃபர்ம்வேர் மிஷினை ஓஎஸ் கிட்ட ஒப்படைக்கற கட்டம்) கூப்பிட்ட பொறவும் அப்படியே விட்டுரும். கார்டு காத்துல வர்ற பாக்கெட்டை எல்லாம் வாங்கி கெர்னலோட மெமரில எழுதிட்டே இருக்கும், இன்டரப்ட் லைனையும் புடிச்சு வெச்சுக்கும். தூரத்துல இருந்து ஒருத்தர் பாக்கெட் அனுப்பி உங்க மெமரில வேணுங்கறதை எழுத முடியுங்கற அளவுக்கு ஆபத்து. டிரைவர் ப்ரோப் வரைக்கும் காத்திருந்தா லேட்டுங்கறதாலதான், 2016ல லினக்ஸ்ல எக்ஸ்86 எர்லி-குவர்க்ஸ்ல, பிசிஐ சப்சிஸ்டமே எழும்பறதுக்கு முன்னாடி அந்தக் கார்டைத் தேடி ரீசெட் பண்ற கோடு சேர்த்தாங்க. பொறவு பொதுவாவே இஎஃப்ஐ மிஷினுக்கு டிசேபிள்-எர்லி-பிசிஐ-டிஎம்ஏன்னு ஒரு பூட் ஆப்ஷனும் வந்துச்சு, கெர்னல் ஸ்டப் எக்ஸிட்-பூட்-சர்வீசஸுக்கு முன்னாடியே பிசிஐ பிரிட்ஜ்ல பஸ்-மாஸ்டர் பிட்டை எடுத்துரும்.

சரி, உங்களுக்கு என்ன வழி. யூ-பூட்டைத் தொடாமயே ரெண்டு வேலை செய்யலாம்.

ஒண்ணு, உங்க யூ-பூட் பூட் பார்ட்டிஷன்ல இருந்து பூட்-ஸ்கிரிப்ட் படிக்குதான்னு பாருங்க, நெறைய போர்டுல படிக்கும். அந்த ஸ்கிரிப்ட் கெர்னலோட சேர்ந்து வர்ற ஃபைல்தான், யூ-பூட் பைனரி இல்ல, அதனால உங்க ரெண்டு-பார்ட்டிஷன் அப்டேட்லயே போயிரும். அதுல கெர்னலைக் கூப்பிடற வரிக்கு முன்னாடி எம்டபிள்யூ (மெமரில எழுதற) கமாண்ட் போட்டு டிஎம்ஏ எனேபிள் ரெஜிஸ்டர்ல பூஜ்யத்தை எழுதுங்க, இன்டரப்ட் மாஸ்க்கையும் எழுதுங்க, ஒரு சின்ன ஸ்லீப். அவ்வளவுதான், கெர்னல் முதல் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடறதுக்கு முன்னாடியே பிளாக் நின்னுரும். இமேஜ் எல்லாம் கையெழுத்து போட்டு வெரிஃபை பண்ற போர்டா இருந்தா ஸ்கிரிப்ட்டும் அந்தக் கையெழுத்துக்குள்ள வரணும், அதை மட்டும் பாத்துக்குங்க.

ரெண்டு, ஸ்கிரிப்ட் வழியே இல்லைன்னா டிவைஸ் ட்ரீல (போர்டுல என்ன எங்க இருக்குதுன்னு கெர்னலுக்குச் சொல்ற ஃபைல்) ரிசர்வ்டு-மெமரி நோடு. யூ-பூட் ரிங் எந்த விலாசத்துல இருக்குதோ அந்த இடத்தை நோ-மேப்னு குறிச்சுருங்க, கெர்னல் அந்தப் பக்கமே போகாது, எஃப்பிஜிஏ எவ்வளவு எழுதுனாலும் யாருக்கும் நோகாது, உங்க ப்ரோப் வந்து நிறுத்தற வரைக்கும். விலாசம் தெரியணும்னா டிஎம்ஏ பேஸ் ரெஜிஸ்டர்லயே அது உக்காந்திருக்கும், யூ-பூட் ப்ராம்ப்ட்ல எம்டி போட்டுப் படிங்க. ஆனா யூ-பூட் வெர்ஷன் மாறுனா மல்லாக் விலாசமும் மாறலாம், அதனால களத்துல இருக்கற எல்லா வெர்ஷனையும் படிச்சு, அத்தனையும் அடங்கற மாதிரி கொஞ்சம் தாராளமாவே ரிசர்வ் பண்ணுங்க. சில எம்பி போனாப் போகட்டும்.

என்னைக் கேட்டா ரெண்டையும் சேர்த்தே போடுங்க.

---

அமராவதி_ஆக் (கரூர்)

இவ்வளவு எதுக்குங்க? டிரைவர்னா வந்த உடனே ரீசெட் அடிக்கணும், அது பொது விதியா இருந்தாப் போதாதா. எல்லா பெரிபெரலையும் கெர்னல் ஸ்டார்ட் ஆகறப்ப ஒட்டுக்கா ரீசெட் பண்ற மாதிரி எஸ்ஓசி லெவல்ல ஒரு கோடு எழுதிப்போட்டா, எந்த யூ-பூட் எதை விட்டுட்டுப் போனாலும் கவலையில்லையே.

---

பீளமேட்டு_பின்மக்ஸ் (கோவை)

கரூர் நண்பரே, அந்த ரோசனை நல்லாத்தான் படும், ஆனா அதுல உயிர்போற எடங்க இருக்குது.

டெக்சாஸ் சிப்புகள்ல கெர்னல் கிட்டத்தட்ட நீங்க சொல்றதைத்தான் செய்யுது, ஓமேப் வழி வந்த சிப்புகள்ல ஒவ்வொரு மாட்யூலையும் இனிஷியலைஸ் பண்றப்ப ரீசெட் பண்ணும். அப்படிப் பண்ணியும் டிவைஸ் ட்ரீல "நோ-ரீசெட்-ஆன்-இனிட்"னு ஒரு ப்ராபர்ட்டி வேண்டி வந்துச்சு. ஏஎம்335எக்ஸ் ஸ்டார்ட்டர் கிட் போர்டுல ஜிபிஐஓ (பொது உபயோகப் பின்கள்) பூஜ்யம் பேங்குக்கு அது போட்டிருக்கும் பாருங்க. அந்த பேங்க்ல ஒரு பின் டிடிஆர் மெமரியோட விடிடி (டெர்மினேஷன் வோல்டேஜ்) ரெகுலேட்டரைப் புடிச்சுட்டு இருக்குது. ஜிபிஐஓவை ரீசெட் பண்ணுனா பின் விழும், விடிடி போகும், ராம் போகும், கெர்னல் ஓடறதே அந்த ராம்லதான்.

பிடபிள்யூஎம்மும் (பல்ஸ் அகலத்தை மாத்திக் குடுக்கற பிளாக்) அப்படித்தான். ராக்சிப் போர்டுகள்ல பிடபிள்யூஎம்மை வெச்சு கோருக்குப் போற வோல்டேஜை நிர்ணயிக்கறாங்க, அந்த பிடபிள்யூஎம்மை ரீசெட் பண்ணுனா வோல்டேஜ் எங்கயோ போய் நிக்கும். அதனாலதான் பிடபிள்யூஎம் டிரைவர்ல கெட்-ஸ்டேட்னு ஒண்ணு வெச்சு, ஃபர்ம்வேர் விட்டுட்டுப் போன நிலையை முதல்ல படிச்சுத் தெரிஞ்சுக்கறாங்க. டிஸ்ப்ளேவுக்கும் அதே கதை, யூ-பூட் கம்பெனி லோகோவைக் காட்டிட்டு இருக்கறப்ப ரீசெட் அடிச்சா ஸ்கிரீன் கறுத்து மறுபடி வரும், கஸ்டமர் மிஷின் கெட்டுப்போச்சுன்னு போன் பண்ணுவாங்க.

வாட்ச்டாக் இன்னொண்ணு. யூ-பூட் அதை ஓட விட்டுட்டுப் போறது வேணும்னேதான், கெர்னல் பாதில தொங்குனாலும் போர்டு திரும்ப எழும்பணுமே. டிரைவர் அதை நிறுத்தக்கூடாது, ஹெச்டபிள்யூ-ரன்னிங் கொடியை வெச்சுட்டா கோர் கோடே யூசர்ஸ்பேஸ் வர்ற வரைக்கும் அதைத் தட்டிக் குடுத்துக்கும்.

அதனால பிளாக்கைப் பாத்துதான் முடிவு பண்ணணும். மெமரில எழுதற சாமான், இன்டரப்ட் அடிக்கற சாமான், அதெல்லாம் நிறுத்தியே ஆகணும். மத்தவங்களைத் தாங்கிப் புடிச்சுட்டு நிக்கற சாமானை, இருக்கற நிலையைப் படிச்சுட்டு அப்படியே கையில வாங்கிக்கணும். யுஎஸ்பில மூணாவது வகை ஒண்ணு இருக்குது, பயாஸ் கீபோர்டுக்காக எக்ஸ்ஹெச்சிஐ கண்ட்ரோலரைத் தன் கையில வெச்சிருக்கும், அங்க கெர்னல் ஓஎஸ்-ஓன்டு பிட்டை எழுதிட்டு பயாஸ்-ஓன்டு பிட் எறங்கற வரைக்கும் 1 செகண்ட் காத்திருக்கும், எறங்கலைன்னா லாக்ல எழுதிட்டு வலுக்கட்டாயமா எடுத்துக்கும். கேட்டு வாங்கற முறைன்னு வெச்சுக்கலாம்.

நொய்யல் தம்பி, உங்க ஷேர்டு ரீசெட் லைன் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். ஷேர்டுன்னு வாங்குனீங்கன்னா டீஅசர்ட் எண்ணிக்கை வெச்சுத்தான் அது ஓடும், யாராவது ஒருத்தர் டீஅசர்ட்ல வெச்சிருக்கற வரைக்கும் நீங்க அசர்ட்னு கூப்பிட்டாலும் லைன் கீழ போகாது. டீஅசர்ட் பண்றதுக்கு முன்னாடியே அசர்ட் பண்ணுனா கெர்னல் வார்னிங் கக்கிட்டு எர்ரர் குடுக்கும். எக்ஸ்க்ளூசிவ்னு வாங்குனீங்கன்னா நெஜமாவே அடிக்கலாம், ஆனா என்கோடர் டிரைவர் அதே லைனைக் கேக்கறப்ப அதுக்குக் கெடைக்காது. ரெண்டுலயும் உங்களுக்கு ஆகாது. ஷேர்டா வாங்கி டீஅசர்ட் மட்டும் பண்ணிக்குங்க, ரீசெட்டுக்கு சாஃப்ட் ரீசெட் பிட்டை நம்புங்க.

---

அமராவதி_ஆக் (கரூர்)

விடிடி விசயம் புதுசுங்க, நல்லா வெளங்குச்சு. நன்றி.

---

நொய்யல்_பிட் (திருப்பூர்)

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. யூ-பூட் ஸ்கிரிப்ட் படிக்குது, பாத்துட்டேன். எம்டபிள்யூ வரியைப் போட்டு, மிஷினைக் கையில சுத்திக்கிட்டே பூட் பண்ணிப் பாத்தேன், கரப்ஷன் வரலை. ப்ரோப் வரிசையையும் மாத்தியாச்சு.

ஆனா ஒரு புதுச் சந்தேகம். ஸ்கிரிப்ட்ல பிளாக்கை நிறுத்துன பொறவு, அதே கையோட எஃப்பிஜிஏக்குப் போற கிளாக்கையும் மூடிப் பாத்தேனுங்க, கரண்ட் கம்மி ஆகுமேன்னு. அப்படிப் பண்ணுனா ப்ரோப்ல முதல் ரெஜிஸ்டர் படிக்கறப்பவே தொங்கிருது. டிரைவர்ல கிளாக் எனேபிள் பண்ற வரி இருக்கத்தானே செய்யுது?

இன்னொண்ணு, ரீபூட் கமாண்ட் குடுத்தா என்ன ஆகுங்க? பவர் போகாம வார்ம் ரீசெட் ஆகறப்ப எஃப்பிஜிஏ அப்படியே ஓடிட்டே இருக்குமா?

---

பவானி_பஃபர் (ஈரோடு)

தம்பி, அந்தக் கிளாக் விசயத்தைத் தேடிப் புடிச்சது ரொம்ப நல்ல காரியம், அது வேற ஒரு ஒளிஞ்சிருக்கற சிக்கலைக் காட்டிக் குடுத்துருச்சு. உங்க பிளாக்குக்கு அனேகமா ரெண்டு கிளாக் இருக்கும், பஸ் பக்கம் ஒண்ணு, சாம்ப்ளிங் பக்கம் ஒண்ணு. டிவைஸ் ட்ரீ நோட்ல ஒண்ணைத்தான் குறிச்சிருப்பீங்க, இன்னொண்ணு யூ-பூட் தெறந்து வெச்சதுனால இத்தனை நாளும் சும்மா ஓடிட்டு இருந்திருக்குது. கிளாக் லிஸ்ட்டை டீபக்-எஃப்எஸ்ல பாத்தா எது எனேபிள் எண்ணிக்கை பூஜ்யமா இருந்தும் ஓடுதுன்னு தெரிஞ்சுரும்.

ஃபர்ம்வேர் விட்டுட்டுப் போறதுல இது இன்னொரு வகை, தொந்தரவு பண்றது ஒரு வகைன்னா, உதவி பண்ணிட்டே இருந்து நம்மளைத் தன்மேல சாய வெக்கறது இது. கெர்னல் பூட் முடியற நேரத்துல யாரும் கேக்காத கிளாக்கை எல்லாம் மூடும், ரெகுலேட்டரைக் கொஞ்சம் தாமதமா, 30 செகண்ட் கழிச்சு மூடும். அதனால "பூட் ஆகி அரை நிமிசத்துல செத்துப்போகுது"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கறது ரெகுலேட்டரைத்தான். கிளாக்-இக்னோர்-அன்யூஸ்டுன்னு பூட் ஆர்க்யுமெண்ட் போட்டா சரியாயிருது பாருங்கம்பாங்க, அது நோயைக் கண்டுபுடிக்க மட்டும், அதையே வெச்சு போர்டை விக்கக்கூடாது. பின்மக்ஸும் (எந்தப் பின் எந்த வேலைக்குன்னு அமைக்கறது) அதே மாதிரிதான், யூ-பூட் பின்னை மாத்தி வெச்சுட்டுப் போனதுல ஓடிட்டு இருக்கும், ஒரு நாள் யூ-பூட் டெஸ்டை எடுத்துட்டாங்கன்னா அன்னைக்கே நிக்கும்.

அதனால டெஸ்ட் ரெண்டு விதமாவும் பண்ணுங்க. ஒருக்கா ஸ்கிரிப்ட்ல வேணும்னே குப்பையை எழுதுங்க, டிஎம்ஏவைத் தெறந்து விடுங்க, இன்டரப்ட் அத்தனையும் எனேபிள் பண்ணுங்க, ரிங் விலாசத்தை மட்டும் ரிசர்வ்டு இடத்துக்குள்ள வெச்சுட்டு பூட் பண்ணுங்க. அடுத்து அந்தப் பிளாக்கை யூ-பூட் தொடவே இல்லாத மாதிரி, கிளாக் மூடி, ரீசெட் அசர்ட்ல வெச்சு பூட் பண்ணுங்க. ரெண்டுலயும் ப்ரோப் தேறுச்சுன்னா டிரைவர் நெசமாவே சொந்தக் கால்ல நிக்குது. பொறவு சிஸ்எஃப்எஸ்ல அன்பைண்ட், பைண்ட் பண்ணிப் பாருங்க, மிஷின் சுத்திட்டு இருக்கறப்பவே.

---

சிறுவாணி_ஷெல் (கோவை)

ரீபூட் கேள்விக்கு நான் சொல்றேனுங்க. வார்ம் ரீசெட்ல எஃப்பிஜிஏ அழியுமா நிக்குமாங்கறது சிப்பையும் ரீசெட் எங்க இருந்து வருதுங்கறதையும் பொறுத்தது, மேனுவல்ல ரீசெட் அதிகாரத்தைப் பாருங்க. நிக்கற வகைன்னா யூ-பூட்டே ஓடிட்டு இருக்கற டிஎம்ஏ மேல உக்கார வேண்டி வரும். அதனால டிரைவர்ல ஷட்டவுன் கால்பேக் எழுதுங்க, ரிமூவ் எழுதியிருக்கேனேன்னு விட்டுராதீங்க, ரீபூட்லயும் கெக்செக்லயும் (ஓடற கெர்னல்ல இருந்தே நேரா புதுக் கெர்னலுக்குத் தாவறது) ரிமூவைக் கூப்பிடமாட்டாங்க, ஷட்டவுனைத்தான் கூப்பிடுவாங்க. அதுல அதே நிறுத்தற ஃபங்ஷனைக் கூப்பிட்டாப் போதும். ப்ரோப், ரிமூவ், ஷட்டவுன், சஸ்பெண்ட் நாலுக்கும் ஒரே ஃபங்ஷனா வெச்சுக்கறது நல்லது.

கெர்னல் பேனிக் ஆகி கேடம்ப் கெர்னல் (விழுந்ததைப் பதிவு பண்ண எழும்பற ரெண்டாவது கெர்னல்) எழும்புனா ஷட்டவுன் கூட ஓடாது. அங்க பழைய கெர்னல் விட்டுட்டுப் போன நிலைதான் உங்களுக்கு ஃபர்ம்வேர் மாதிரி. ரீசெட்-டிவைசஸ்னு ஒரு பூட் ஆர்க்யுமெண்ட் அதுக்குத்தான் இருக்குது, ரீசெட் பண்ண நேரம் புடிக்கற டிவைஸ் டிரைவர்கள் அதைப் பாத்து முடிவு பண்ணும். உங்க பிளாக் எப்பவுமே நிறுத்திட்டுத்தான் ஆரம்பிக்கும்ங்கறதால தனியா எதுவும் வேண்டாம்.

போர்டுல ஐ-ஸ்கொயர்-சி சென்சார், ஈப்ராம் ஏதாவது இருந்தா ஒண்ணு. படிச்சுட்டு இருக்கறப்ப பாதில ரீசெட் ஆச்சுன்னா எதிர்ப்பக்கச் சிப் எஸ்டிஏ (டேட்டா) லைனைக் கீழ புடிச்சுட்டே நிக்கும், உங்க கண்ட்ரோலரை எத்தனை ரீசெட் பண்ணுனாலும் அது விடாது, ஏன்னா மாட்டிட்டு இருக்கறது அந்தப் பக்கம். 9 கிளாக் பல்ஸ் குடுத்தா விட்டுரும், ஐ-ஸ்கொயர்-சி கோர்ல ரெக்கவரி இருக்குது, எஸ்சிஎல் (கிளாக்) பின்னை ஜிபிஐஓவா மாத்த டிவைஸ் ட்ரீல குறிச்சு வெச்சுருங்க. கரண்ட் டிப் ஆகற ஊர்ல இது அடிக்கடி வரும்.

---

நொய்யல்_பிட் (திருப்பூர்)

ரெண்டாவது கிளாக்தானுங்க, அக்கா சொன்ன மாதிரியே. டிவைஸ் ட்ரீல சேர்த்து, டிரைவர்ல பல்க்கா வாங்கி எனேபிள் பண்ணியாச்சு, இப்ப யூ-பூட் மூடி வெச்சாலும் ப்ரோப் தேறுது. ஷட்டவுனும் எழுதிட்டேன். அடுத்த அப்டேட்ல கெர்னல், டிவைஸ் ட்ரீ, ஸ்கிரிப்ட் மூணும் சேர்ந்து போகுது.

புதுசா செய்யற போர்டுக்கு யூ-பூட்லயும் திருத்தறோம்னு முடிவாயிருச்சு. அங்க எந்த எடத்துல நிறுத்தறது சரிங்க? செல்ஃப்-டெஸ்ட் முடியற எடத்துலயேவா?

---

பீளமேட்டு_பின்மக்ஸ் (கோவை)

டெஸ்ட் முடியற எடத்துலயும் நிறுத்துங்க, ஆனா அதை மட்டும் நம்ப வேண்டாம், நாளைக்கு வேற யாராவது டெஸ்டைப் பாதில முறிச்சுட்டு வெளிய வர்ற மாதிரி மாத்திருவாங்க. யூ-பூட்ல டிரைவர் மாடல்ல எழுதுங்க, ரிமூவ் ஃபங்ஷன்ல டிஎம்ஏவை நிறுத்துங்க, டிரைவர் ஃப்ளாக்ஸ்ல ஆக்டிவ்-டிஎம்ஏ கொடியைப் போட்டுருங்க. கெர்னலுக்குத் தாவறதுக்கு முன்னாடி யூ-பூட் அந்தக் கொடி இருக்கற டிவைஸை எல்லாம் தேடி ரிமூவ் பண்ணிட்டுத்தான் போகும். கொடி இல்லைன்னா ரிமூவ் எழுதியிருந்தாலும் கூப்பிடாது, அதுல நெறையப் பேர் தடுக்கி விழுந்திருக்காங்க.

ஈஎம்எம்சில (போர்டுல பதிச்ச ஃப்ளாஷ் மெமரி) இருந்து பூட் ஆகற போர்டா இருந்தா பழைய போர்டுக்கும் யூ-பூட் அப்டேட் அவ்வளவு பயப்பட வேண்டியதில்ல. ஈஎம்எம்சில பூட்டுக்குன்னே ரெண்டு தனி பார்ட்டிஷன் ஹார்டுவேர்லயே இருக்குது. இப்ப எது ஓடலையோ அதுல புது யூ-பூட்டை எழுதி, திருப்பிப் படிச்சு ஒத்துப் பாத்துட்டு, கடைசியா பார்ட்டிஷன் கான்ஃபிக்ல எது பூட்டுக்குங்கறதை மாத்துங்க. எழுதறப்ப கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும். ஆனா ஒண்ணு, மாத்துன பொறவு புதுசு ஓடலைன்னா தானா பழசுக்குத் திரும்பும்னு நினைக்காதீங்க, உங்க சிப்போட பூட் ரோம் (சிப்புக்குள்ளயே பதிஞ்ச முதல் கோடு) அதைச் செய்யுமான்னு பாத்துட்டுச் செய்யுங்க.

---

பவானி_பஃபர் (ஈரோடு)

ஒரு வார்த்தை. புது யூ-பூட் போர்டு வர ஆரம்பிச்ச உடனே ரிசர்வ்டு-மெமரி நோடை எடுத்துராதீங்க தம்பி. ஒரே டிவைஸ் ட்ரீ பழசுக்கும் புதுசுக்கும் போகும், பல்லடத்துல ஏதோ ஒரு கம்பெனில பழைய யூ-பூட்டோட ஒரு போர்டு கிடக்கும், ஸ்கிரிப்ட் இல்லாத பழைய பார்ட்டிஷன்ல இருந்து எழும்புனாலும் எழும்பும். நோட்டுக்குப் பக்கத்துலயே கமெண்ட்ல காரணத்தையும் எந்தெந்த யூ-பூட் வெர்ஷனுக்காகங்கறதையும் எழுதி வெச்சுருங்க. இல்லைன்னா அடுத்து வர்றவங்க, இந்த மெமரி எதுக்கு வீணாக் கெடக்குதுன்னு அழிச்சுப்போடுவாங்க.

---

நொய்யல்_பிட் (திருப்பூர்)

எழுதிட்டேனுங்க அக்கா, வெர்ஷனோட சேர்த்து. ப்ரோப்லயும் ஒரு வரி போட்டிருக்கேன், உள்ள வர்றப்ப டிஎம்ஏ எனேபிள் ஆயிருந்தா லாக்ல வார்னிங் எழுதும், எந்தப் போர்டு இன்னும் பழைய வழில எழும்புதுன்னு சர்வீஸ்காரங்க லாக்கைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்.